மண்ணா, நெருப்பா, கல்லா: செல்ல நாயை நினைவில் வைக்கும் வழிகள்

வீட்டு நாய் செத்துப்போன அன்றே எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது: உடலைப் புதைப்பதா, எரிப்பதா. எதை வைத்து அதை நினைப்பது என்பதற்கு அவசரமே இல்லை. அழுகையோடு இருக்கும்போது இரண்டையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டாம்.

சொந்த மனை இருந்தால் புதைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பேன். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி மண் போடுவார்கள், பாட்டி இரண்டு செம்பருத்தி வைப்பாள். வீடே கூடி நின்று வழியனுப்பும். ஆனால் குழி நாலடியாவது ஆழம் வேண்டும்; மேலாகப் புதைத்தால் தெருநாய்கள் தோண்டிவிடும். கிணறு, போர்வெல் பக்கம் வேண்டாம். பாலிதீன் பையில் கட்டாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றினால் போதும், உடலோடு அதுவும் மட்கும். நோய் முற்றி, மருத்துவர் ஊசி போட்டு விடை கொடுத்த நாய் என்றால் கூடுதல் கவனம் தேவை. அதற்குப் பயன்படும் பென்டோபார்பிட்டால் மருந்து உடலில் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் பிராணியும் சாகக்கூடும். அந்த நிலையில் தகனமே பாதுகாப்பானது.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்களுக்குத் தகனம்தான் தோது. நாளைக்கு வீடு மாறினாலும் சாம்பலைக் கூடவே எடுத்துப் போகலாம். குழியை எடுத்துப் போக முடியாது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: தனியாக எரிப்பார்களா, பல உடல்களைச் சேர்த்தா? சேர்த்து எரித்தால் உங்கள் நாயின் சாம்பல் என்று எதையும் பிரித்துத் தர முடியாது. பெங்களூரு கெங்கேரியில் இருப்பதுபோல் செல்லப்பிராணிகளுக்கென்றே மயானம் உள்ள ஊர் என்றால் மூன்றாவது வழியும் உண்டு. என்றாலும், நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாத தொலைவு எனக்கு ஒப்பவில்லை.

மரம் நடுவது பலருக்கும் பிடித்த யோசனை. எனக்கும்தான். ஆனால் சாம்பலை அப்படியே வேரில் கொட்டினால் அதன் உப்பும் காரத்தன்மையும் கன்றைக் கருக்கிவிடும். நிறைய மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலந்து கொஞ்சமாகவே போட வேண்டும். குழிக்கு நேர் மேலே நடாமல் சற்றுத் தள்ளி நடுங்கள். நினைவுக்கு வைத்த கன்று பட்டுப்போனால் வீட்டில் இன்னொரு முறை அழுகை கேட்கும். அதனால் பராமரிப்பு அதிகம் கேட்காத வேம்போ புங்கனோ நல்லது. வீட்டில் வேறு நாய் இருந்தால் அரளி கூடவே கூடாது, அது விஷம்.

போட்டோவைப் பெரிதாக்கி மாட்டலாம். எளிது, செலவும் குறைவு. ஆனால் முகத்தைத்தான் அது காட்டும். அந்த நாய் என்ன செய்தது என்று சொல்லாது.

நம் முன்னோர் அதைத்தான் கல்லில் வெட்டி வைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு; மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. கர்நாடகத்தின் ஆதகூரில் நட்ட 10ஆம் நூற்றாண்டுக் கல்லும் ஒன்று உண்டு: பன்றியோடு மோதி, அதையும் கொன்று தானும் மாண்ட காளி என்ற வேட்டை நாய்க்கு அதன் தலைவன் மணலேரன் எடுத்தது. பூசைக்கு நிலமும் விட்டான். இரண்டு கல்லிலும் இருப்பது பெயரும் செயலும்தான். அவ்வளவு சுருக்கமாக எழுதியும், ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்த நாய்களை நாம் பெயர் சொல்லித்தான் பேசுகிறோம்.

இன்று பளிங்கிலோ கிரானைட்டிலோ கல் வெட்டித் தருகிறார்கள். 'எங்கள் அன்புச் செல்வம்' என்று மட்டும் வெட்டினால் எந்த வீட்டு நாய்க்கும் அது பொருந்தும். பெயரைப் போடுங்கள், அதன் கீழே அது செய்த ஒன்றைப் போடுங்கள்: 'பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காகத் தினமும் தெருமுனையில் நின்றது' என்பதுபோல. கல்லுக்கு இடமில்லையா? ஒரு நோட்டு போதும். முதல் வாரத்திலேயே வீட்டில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததை எழுதட்டும். தாத்தாவிடம் அது எப்படிப் பழகியது என்பது தாத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். எல்லா வழிகளிலும் எனக்கு மேலாகத் தோன்றுவது இந்த நோட்டுதான். புதைத்தவர்களுக்கும் எரித்தவர்களுக்கும் அது பொருந்தும்.

உடனே இன்னொரு குட்டி வாங்குவதா, காத்திருப்பதா என்றும் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் மனதார 'சரி' என்று சொல்லும்வரை காத்திருப்பது நல்லது, குறிப்பாகப் பிள்ளைகள். எப்போது வந்தாலும் புதுக்குட்டிக்குப் பழைய பெயரை வைக்காதீர்கள்.