பெருங்குடி கம்பெனி இன்டர்வியூ: ஐந்துக்கு மூன்று

சென்னை பெருங்குடியில் ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனி. ஜாவா டெவலப்பர் வேலை, 6 வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், ஐடி கம்பெனிகள் வரிசையாக இருக்கும் ஓஎம்ஆர் சாலையில் இந்த மாதிரி நிறைய இருக்கிறது.

முதலில் ஆன்லைன் டெஸ்ட், 90 நிமிடம், 3 கணக்கு. கேமரா முறைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் குக்கர் விசில் அடித்ததற்குக்கூட எனக்கு ஒரு எச்சரிக்கை வந்தது. சரி, அதைத் தாண்டியாச்சு.

அப்புறம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். கூப்பிட்டது 11:40-க்கு. முப்பது பேருக்கு இரண்டே ப்ளக் பாயின்ட். டீ மட்டும் அருமை.

முதல் ரவுண்டுக்காரர் கையில் ஒரு பிரின்ட் அவுட். ஜாவாவில் ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்கான மதிப்பைத் தேடித் தரும் ஹாஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்றார். சாவியிலிருந்து கணக்கிட்ட எண்ணான ஹாஷ்கோடை வைத்து, அதைப் போடும் பக்கெட்டைப் பிடிக்கும், ஒரே பக்கெட்டில் பல விழுந்தால் சங்கிலி மாதிரி லிங்க்டு லிஸ்டாகக் கோத்துக்கொள்ளும், அது 8-ஐத் தாண்டி, டேபிளிலும் குறைந்தது 64 பக்கெட் இருந்தால், சீக்கிரம் தேடக்கூடிய ரெட்-பிளாக் ட்ரீயாக மாறும் என்றேன். தாளைப் பார்த்தார்.

“ட்ரீ எல்லாம் ட்ரீமேப்ல தாங்க.” அது ஜாவாவில் வேறொரு வகை மேப்.

“ஜாவா 8-லயே இது வந்துடுச்சு சார்.”

ஜாவா 8 வந்தது 2014-இல். தாள் அதற்கும் மூத்தது போல. பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

எப்படியோ அடுத்த ரவுண்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மேடம் கேள்வித்தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “இந்தப் பேஜ் திறக்க 9 செகண்ட் ஆகுது, ஏன்னு பாருங்க” என்றார். டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லையோ என்று அதிலேயே பத்து நிமிடம் சுற்றினேன். தப்பு என்று சொல்லாமல், “லாகைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்க” என்றார். நடந்ததையெல்லாம் பதிந்து வைத்திருக்கும் அந்த லாகில், டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் ஒரே செலக்ட் கட்டளை திரும்பத் திரும்ப வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. 100 ஆர்டரை எடுக்க ஒரு குவெரி, ஒவ்வொரு ஆர்டரின் ஐட்டங்களுக்கும் தனித்தனியாக ஒன்று, மொத்தம் 101. ஆர்டரையும் ஐட்டங்களையும் ஒரே குவெரியில் எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போடலாம் என்றேன். “பேஜுக்கு 20 ஆர்டர்னு பிரிச்சா?” என்று கேட்டார். அங்கே மாட்டிக்கொண்டேன். அப்படிச் செய்தால், டேட்டாபேஸோடு பேசும் ஜாவா லைப்ரரியான ஹைபர்னேட் மொத்தத்தையும் மெமரிக்கு இழுத்து, அங்கேதான் பக்கம் பிரிக்கும். முதலில் 20 ஐடியை மட்டும் எடுத்து, அப்புறம் அவற்றுக்கு மட்டும் ஐட்டங்களைச் சேர்க்க வேண்டும் என்று அவரே போர்டில் வரைந்து காட்டினார். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் எங்கள் கோடில் இதே தப்பைத் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது.

கடைசியில் எச்ஆர். என் நோட்டீஸ் பீரியட் 90 நாள். 30 நாளில் சேர முடியுமா என்றார். உங்கள் கம்பெனியில் எத்தனை நாள் என்றேன். “90 தான்” என்றார், சிரிக்காமல்.

மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு மெயில் போட்டேன், பதில் இல்லை.

மூன்று ஸ்டாரில் இரண்டு அந்த மேடத்துக்கு, ஒன்று டீக்கு. போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், லேப்டாப்பை வீட்டிலேயே முழுக்க சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள்.