கிராபிக்ஸ் சிப் போன பழைய லேப்டாப்: சூடு போடுவதா, சிப் மாற்றுவதா, அணைத்துவிட்டு ஓட்டுவதா?

ஆறேழு வருஷம் உழைத்த லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் சிப் போய்விட்டால் கடையில் நான்கு வழி சொல்வார்கள். சிப்புக்கு ஹீட் அடித்துத் தருவது, அதைக் கழற்றி ரீபால் செய்து (அடியில் உள்ள சால்டர் உருண்டைகளைப் புதிதாகப் போட்டு) திரும்ப ஒட்டுவது, வேறு சிப் போடுவது, இல்லையென்றால் மதர்போர்டையே மாற்றுவது. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அதில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. கெட்ட சிப்பை அணைத்துவிட்டு, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டுவது. கும்பகோணத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணும் என் மெஷினுக்கு அதைத்தான் செய்தேன், இன்றைக்கும் வேலை அதில்தான் நடக்கிறது. ஆகவே என் கட்சி எது என்பதில் ரகசியம் இல்லை.

முதலில் போனது சிப்தானா என்று பார்க்க வேண்டும். மூடியை அசைக்கும்போது திரையில் தெரியும் கோடுகள் மாறினால் கோளாறு டிஸ்ப்ளே கேபிளில். ராமைக் கழற்றித் துடைத்து இடம் மாற்றிப் போட்டாலே சிலது சரியாகிவிடும். சிப் போவதற்கு ஒரு தனி லட்சணம் உண்டு: விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரை சுத்தமாக வரும், அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடில் சாதுவாக ஓடும், கிராபிக்ஸ் டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) ஏறிய நொடியில் திரை கறுத்துவிடும், அல்லது விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு எரர் 43 என்று நிற்கும். 43 வெறும் டிரைவர் கோளாறாகவும் இருக்கலாம், அதனால் டிரைவரை முழுதாக நீக்கி ஒருமுறை புதிதாகப் போட்டுப் பார்த்துவிடுங்கள். என் மெஷினில் ஆல்பம் பக்கத்தைப் பெரிதாக்கினால் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு மேல் பச்சைக் கட்டங்கள் முளைக்கும், அப்புறம் மௌஸ் உட்பட எல்லாம் உறைந்துவிடும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சிப்புக்குக் கரன்ட் போகும் காயிலில் ஓரிரண்டு ஓம் காட்டினால் உடனே ஷார்ட் என்று முடிவு கட்ட வேண்டாம், பெரிய சிப்கள் நல்ல நிலையிலும் அவ்வளவு குறைவாகத்தான் காட்டும்.

இனி வழிகள். "ஹீட் அடிச்சா வந்துரும்ணே" என்பார்கள். வரும், அது பொய்யில்லை. எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி, என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் பார்க்க வேண்டிய ஒரே கேள்வியும் அதுதான்.

கிராபிக்ஸ் சிப் என்பது ஒரே துண்டு இல்லை. நடுவில் பளபளவென்று இருக்கும் சிலிக்கான் சில்லு, அது உட்காரும் பச்சைப் பலகை, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சால்டர் (பற்றவைக்கும் உலோகம்) பொட்டுகள். அந்தப் பலகைக்கும் போர்டுக்கும் நடுவே இன்னொரு வரிசை, அவைதான் ரீபாலில் மாற்றப்படும் உருண்டைகள். லேப்டாப் சூடாவதும் ஆறுவதுமாக வருஷக்கணக்கில் போகும்போது பெரும்பாலும் விரிசல் விடுவது மேல் வரிசை, ரீபால் தொடுவதோ கீழ் வரிசை. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு உலகம் முழுக்கப் போர்டுகளில் ஈயமில்லாச் சால்டர்தான், அது உருக 217 டிகிரி வேண்டும், பழைய ஈயச் சால்டருக்கு 183 போதும். புதுச் சால்டர்தான் காரணம் என்று பழி முழுவதையும் அந்தக் கீழ் வரிசை உருண்டைகள் மேல் போட்டுவிட்டார்கள். ஆனால் 2008 ஜூலையில் கிராபிக்ஸ் சிப் கம்பெனியான என்விடியா, தன் லேப்டாப் சிப்களில் சில்லையும் பலகையையும் சேர்த்துக் கட்டும் பேக்கேஜிங் பொருளே பலவீனம் என்று சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியபோது, கோளாறு சிப்புக்குள்ளே என்று உற்பத்தியாளர் வாயாலேயே வந்துவிட்டது. 2011 மேக்புக் ப்ரோவில் இன்னொரு கம்பெனியான ஏஎம்டியின் சிப்களோடு பட்ட பாட்டுக்கு ஆப்பிள் 2015 பிப்ரவரியில் இலவசப் பழுதுபார்ப்பு அறிவித்தது, அந்த அளவுக்கு இது பரவலான வியாதி.

சூடு போட்டால் அந்த விரிசல், மழைத் தூறல் விழுந்த களிமண் வயல் மாதிரி கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், வெயில் ஏறினால் மறுபடி வாய் பிளக்கும். நம் பக்கம் வெயிலுக்கா பஞ்சம்? ஏசி இல்லாத அறை, தை மாசம் அறுவடை மெஷின் இறங்கினால் பத்து நாள் காற்றெல்லாம் நெல்தூசி. என் லேப்டாப்பைத் திறந்தபோது ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி போல ஒரு பட்டை ஒட்டியிருந்தது, இடுக்கியால் முழுதாக உரித்து எடுத்தேன். அந்தப் பட்டை இருக்கும் வரை எந்த ஹீட் வைத்தியமும் நிற்காது. கீழே விழுந்தோ போர்டு வளைந்தோ கீழ் வரிசை விட்டுப்போன மெஷினுக்கு ரீபால் சரியான மருந்துதான், அது வேறு கதை.

சிப் மாற்றுவது தத்துவப்படி சரி. ஆனால் பழைய மாடலுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி வேறு செத்த போர்டிலிருந்து கழற்றித் துடைத்து உருண்டை போட்டவை. புதுசு என்று சொன்னால் மேலே பொறித்திருக்கும் தேதிக் குறியைக் காட்டச் சொல்லுங்கள். இங்கே பல கடைகளில் போர்டைத் திருச்சிக்கோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ அனுப்பித்தான் செய்கிறார்கள், முகூர்த்த மாசத்தில் அந்தக் காத்திருப்பே ஒரு செலவு. நான் என் கையால் இந்த வழியில் போனதில்லை. மன்னார்குடியில் ஒரு நண்பருக்கு மாற்றி ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் ஒரு கோடைகூடத் தாண்டவில்லை, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

போர்டு மாற்றுவதென்றால் அதே வயசுள்ள, அதே சிப் உள்ள இன்னொரு போர்டுதான் வரும். ஒரு விதிவிலக்கு: அதே மாடலில் தனி சிப் இல்லாத போர்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, அணைத்துவிடும் வழி. இதற்கு ஒரே நிபந்தனை, டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் இரண்டு இருக்க வேண்டும், லேப்டாப்பின் சொந்தத் திரை இன்டெல் வழியாக ஓட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் செத்த சிப் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பயாஸில் அணைக்கும் வசதி இருந்தால் அதுவே உத்தமம். இல்லையென்றால் சேஃப் மோடில் போய் டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்து, விண்டோஸ் அப்டேட் தானாக டிரைவரைத் திரும்ப இறக்காமல் தடுத்துவிட வேண்டும், இதை விட்டால் ஒரு நாள் காலையில் பச்சைக் கட்டம் திரும்ப வரும். லினக்ஸில் அந்த டிரைவரை பிளாக்லிஸ்ட்டில், அதாவது ஏற்றக்கூடாதவை பட்டியலில், போட்டால் போதும். சிப் ஷார்ட் ஆகி மெஷினே ஆன் ஆகவில்லை என்றால் மென்பொருளால் ஆகாது, அதற்குப் போகும் மின்சாரத்தைப் போர்டிலேயே துண்டிக்கிற, சின்னச் சின்னப் பாகம் வரை பழுதுபார்க்கத் தெரிந்த சிப் லெவல் ஆள் வேண்டும், அப்போதும் சில மாடல்களில் பயாஸ் முரண்டு பிடிக்கும்.

இழப்பு உண்டு. கேம் போச்சு, வீடியோ எடிட் செய்பவர்களுக்கு எக்ஸ்போர்ட் மெதுவாகும். போட்டோஷாப்பில் பக்கம் பக்கமாக ஆல்பம் போடுகிற எனக்கு ராமும் எஸ்எஸ்டியும்தான் பெரிசு, வித்தியாசமே தெரியவில்லை. சூடு குறைந்தது, ஃபேன் சத்தம் அடங்கியது, பேட்டரி முன்னைவிடக் கூட நேரம் வருகிறது. திரும்பக் கெட்டுப்போக அந்தச் சிப் வேலையில் இல்லை என்பதால் மெயின்டனன்ஸ் என்று பார்த்தால் அறுவடை முடிந்ததும் தூசு தட்டி, சூட்டைக் கடத்த பிராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது மட்டும்தான்.

ஒரு குறை நிஜமாகவே இடிக்கிறது. சில மாடல்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் அந்தத் தனி சிப்போடு இணைந்திருக்கும், சிப்பை அணைத்தால் போர்ட்டும் சேர்ந்து போகும். என்னுடையது அந்த ரகம். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு டிவியில் ஆல்பத்தைக் காட்ட வேண்டும் என்றால் பக்கங்களை ஜேபெக் ஆக்கிப் பென்டிரைவில்தான் கொண்டுபோகிறேன்.