பத்து கிலோ ராகி, ஒற்றைச் சக்கரம்: முதுகா, கையா, சீட்டா?

வீட்டிலிருந்து மாவு மில் இரண்டு கிலோமீட்டர். பத்து கிலோ ராகியைக் கொண்டுபோய் அரைத்துத் திரும்ப வேண்டும். கிருஷ்ணகிரியில் யூனிசைக்கிள், அதாவது ஒரே சக்கரமும் ஹேண்டில்பார் இல்லாத சீட்டும் உள்ள சைக்கிள், ஓட்டுகிற எனக்கு இது மாதாமாதம் வரும் பரீட்சை. மூன்று வருடமாக எல்லா விதமாகவும் சுமந்து பார்த்துவிட்டேன். எது எதற்கு ஆகும் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும்.

ஓட்டிப் பழகாதவர்களுக்காக ஒரு விஷயம். யூனிசைக்கிளில் பெடல் சக்கரத்தின் அச்சோடு நேரடியாகச் சேர்ந்தது. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. உடம்பு முன்னால் சாய்ந்தால் வேகமாக மிதித்துச் சக்கரத்தை அடியில் கொண்டுவர வேண்டும். பின்னால் சாய்ந்தால் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் இடுப்பைத் திருப்பிச் சக்கரத்தை அந்தப் பக்கம் விட வேண்டும். நொடிக்கு நொடி இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது, சுமை தன் இஷ்டத்துக்கு ஆடினால் தொலைந்தோம். அசையாத பத்து கிலோவைச் சமாளித்துவிடலாம். ஆடுகிற இரண்டு கிலோ கீழே தள்ளிவிடும்.

அதனால் கைப்பையை முதலிலேயே கழித்துவிடுகிறேன். ஜவுளிக்கடையில் கொடுக்கும் கட்டைப்பையில் மூன்று கிலோ தக்காளி போட்டு ஒரு கையில் பிடித்துப் பாருங்கள். நாலு மிதி மிதிப்பதற்குள் பை ஊசலாட ஆரம்பித்து முட்டியில் இடிக்கும். இரண்டு கையிலும் சரிசமமாகப் பிடித்தால் ஒருபக்கச் சாய்வு போய்விடும், உண்மைதான். ஆனால் நிதானத்துக்காக வீசுகிற கைகள் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். மஞ்சப்பையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம்.

முதுகுப்பைதான் என் அன்றாட வழி. அதில் சுமை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, கைகள் காலியாக இருக்கின்றன. ராகி மாதிரி தானியம் இதற்கு ரொம்பவே ஒத்துவரும். மூட்டை முதுகின் வளைவுக்குத் தக்கபடி தானே படிந்து உட்கார்ந்துவிடும். பையின் தோள் வார்களை இறுக்கிவிட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே உள்ள வாரையும் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த வார் இல்லாத பையென்றால் பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக் கட்டலாம், கேரியரில் மூட்டை கட்டுவது போலத்தான். திரும்பி வரும்போது அப்போதுதான் அரைத்த மாவின் சூடு சட்டையைத் தாண்டி முதுகில் இறங்கும். மார்கழிக் குளிரில் அதைவிட சுகம் இல்லை. சித்திரை வெயிலில் அதே சூடு பாடாய்ப் படுத்தும்.

முதுகுப்பையில் இரண்டு சிக்கல் உண்டு. பின்னால் எடை ஏறுவதால் உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். முதல் நூறு மீட்டர் தடுமாறும், அப்புறம் பழகிவிடும். இரண்டாவது சிக்கல் பழகாது. இரண்டு சக்கர சைக்கிளில் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை ஹேண்டில்பார் வாங்கிக்கொள்ளும். இங்கே கிட்டத்தட்ட எல்லாமே சீட்டின் மேல்தான். முதுகில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் தொடையிடுக்கில் போய் அழுத்தும். பத்து கிலோவோடு இருபது நிமிஷம் ஓட்டலாம். ஒரு மணி நேரம் என்றால் மரத்துப்போய்விடும், அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது.

தூரம் அதிகமானால் சுமையைச் சீட்டையும் சக்கரத்தையும் இணைக்கும் சட்டத்திலேயே மாட்டிவிடுவது நல்லது. அப்போது பாரம் உடம்பு வழியாக இறங்காமல் நேராகச் சட்டத்துக்குப் போய்விடும். இங்கிலாந்துக்காரர் எட் பிராட் 2015 மார்ச்சில் கிளம்பி, 36 அங்குல யூனிசைக்கிளில் உலகத்தைச் சுற்றி, 2018 ஜூலையில் ஊர் திரும்பினார். அவர் நம்பியதும் சட்டத்தில் மாட்டிய பைகளைத்தான். நான் சீட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சின்னப் பைகளை மாட்டி கே.ஆர்.பி. அணை வரை போய் வந்தேன். இடுப்புக்கு அவ்வளவு ஆறுதல்! முன்னும் பின்னும் எடை சமமாக இருப்பது முக்கியம். பின்னால் மட்டும் தொங்கவிட்டால் சீட்டு பின்பக்கமாக இழுத்துக்கொண்டே வரும்.

ஆனால் திருப்பம் மந்தமாகிவிடுகிறது. இடுப்பைத் திருப்பினால் சக்கரத்தோடு பைகளும் சேர்ந்து திரும்ப வேண்டுமே. ராயக்கோட்டை மேம்பாலத்துக்கு அடியில் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சட்டென்று விலக முடியாமல் இறங்கி நின்றிருக்கிறேன். இன்னொன்று, யூனிசைக்கிளில் விழுவது என்றால் பெரும்பாலும் நாம் முன்னால் குதித்து ஓடி நின்றுகொள்வோம், சக்கரம் பின்னால் போய் விழும். சுமை முதுகில் இருந்தால் தப்பிக்கும். சட்டத்தில் இருந்தால் அதுவும் தரையில் மோதும். மாம்பழ சீசனில் இதனால் நான் படும் பாடு சொல்லி மாளாது. முதுகுப்பையில் போட்டால் செந்தூரா என் உடம்புச் சூட்டிலேயே கனிந்து நசுங்குகிறது. சட்டத்தில் மாட்டினால் ஒரே விழுகையில் அடிபட்டுவிடுகிறது. தோல் தடித்த பெங்களூரா காயாக இருந்தால் சட்டத்தில் தாராளமாக மாட்டுகிறேன். பழுத்தது என்றால் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை, அதையும் பையை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு கொண்டுவருகிறேன். முட்டைக்கும் நெஞ்சுப்பைதான். கண்முன்னே இருப்பதால் பார்த்துப் பார்த்து ஓட்டலாம். ஆனால் இரண்டு கிலோவுக்கு மேல் வைத்தால் பை உப்பி, எதிரே இருக்கும் பள்ளம் தெரியாது.

தலைச்சுமை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சந்தையில் ஒரு அக்கா, "தம்பி, சும்மாடு கட்டி வச்சுக்கோ, நான் குடத்தோட வரப்புல நடக்கிறேனே" என்றார். கரகம் ஆடுகிறவர்களும் அதைத்தானே செய்கிறார்கள். ரெட் பாண்டா என்ற பெயரில் அமெரிக்கக் கூடைப்பந்து இடைவேளைகளில் வித்தை காட்டும் கலைஞர், உயரமான யூனிசைக்கிளில் இருந்தபடியே காலால் கிண்ணங்களை எற்றித் தலையில் அடுக்குகிறார். ஆனால் அது வழவழப்பான தளம். நம் ஊரில் வேகத்தடைக்கு வேகத்தடை தலையைக் குனிந்து தரையைப் பார்த்தாக வேண்டும். நான் முயன்றதே இல்லை, முயலவும் மாட்டேன்.

தண்ணீர் கேன் எடுப்பதானால் நிரம்பிய ஐந்து லிட்டர் கேனை எடுங்கள், பாதி நிரம்பியதைத் தொடாதீர்கள். உள்ளே அலை அடித்து நம் மிதிக்கு எதிராகத் தள்ளும். ஆறடி பிளாஸ்டிக் பைப் மாதிரி நீளமான சாமானைச் செங்குத்தாகப் பையோடு கட்டினால் மரக்கிளையில் மாட்டும், குறுக்கே பிடித்தால் பக்கத்தில் போகிற வண்டியில் இடிக்கும். அதற்கு இறங்கி நடப்பதே சரி.

கனமான சுமையோடு போகிற நாளில் கிளம்பும் முன் டயரில் வழக்கத்தைவிட அதிகக் காற்று அடித்துக்கொள்கிறேன். பெடலைச் சக்கர அச்சோடு சேர்க்கும் கிராங்கையும் 125 மில்லிமீட்டரிலிருந்து 150க்கு மாற்றிவிட்டேன். நீளமான கிராங்கில் வேகம் குறையும், ஆனால் இறக்கத்தில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த நல்ல பிடிமானம் கிடைக்கும். சுமையோடு சீட்டில் ஏறி உட்காருவதுதான் இன்னும் சரியாக வரவில்லை. சுமை இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் ஏறிவிடுவேன். பத்து கிலோவோடு மில் வாசலில் உள்ள கரண்ட் கம்பத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறேன். அங்கே யாராவது பைக்கை நிறுத்தியிருந்தால், எடுக்கும்வரை மாவுப் பையோடு காத்திருப்பேன்.