சோற்றை நிறுத்துவதா, பாதியாக்குவதா: பேலியோவும் அரைச்சோறும்

மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டலாம் என்று இறங்குபவருக்கு நம் ஊரில் இரண்டு வழிகள்தான் நடைமுறையில் உண்டு. ஒன்று பேலியோ. அரிசி, கோதுமை, பருப்பு, பழம், சர்க்கரை எல்லாவற்றையும் முதல் நாளே நிறுத்திவிட்டு, மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் வைப்பது. இன்னொன்றை அரைச்சோறு என்று வைத்துக்கொள்வோம். தட்டில் சோற்றைப் பாதிக்கும் கீழே இறக்கி, காலியான இடத்தில் முட்டை, மீன், பனீர், சோயா வைப்பது. இதில் மாவுச்சத்து 100 முதல் 130 கிராம் வரை போகும்.

ராகிக்கும் தினைக்கும் மாறுவதை மூன்றாவது வழியாகச் சொல்பவர்கள் உண்டு. அது இந்தப் போட்டியிலேயே இல்லை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் ராகி மாவில் 70ஐ ஒட்டி வரும். நார்ச்சத்து கூடும், அவ்வளவுதான்.

முதலில் இப்போதைய தட்டைக் கணக்குப் பார்க்க வேண்டும். காலையில் 4 இட்லி, மதியம் 400 கிராம் சோறு, இரவு 3 சப்பாத்தி, சர்க்கரை போட்ட 2 டீ. மாவுச்சத்து 230 கிராமைத் தாண்டிவிடும். புரதம் 50ஐத் தொட்டாலே அதிகம். 70 கிலோ எடையுள்ளவர் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தாலும் 84 கிராம் வேண்டும். 'தினமும் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறோமே' என்பார்கள். நாலு பேர் வீட்டில் 100 கிராம் துவரம் பருப்பு போட்டால் அதில் 22 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை. ஒரு முட்டையில் இருப்பது 6.

பேலியோவின் கணக்கு

காலையில் 100 பாதாம் என்பது பேலியோவின் அடையாளமே ஆகிவிட்டது. இரவே ஊறவைத்து, நெய்யில் வறுத்துச் சாப்பிடுவார்கள். 100 பாதாம் சுமார் 120 கிராம் நிற்கும். அதில் புரதம் 25 கிராம், கொழுப்பு 60 கிராம், கலோரி 690. ஆக, இதை ஓட்டுவது புரதமல்ல, கொழுப்பு. பசி எடுக்காததற்கும் அதுதான் காரணம். பாதாம் கிலோ 800 ரூபாய் என்றால் காலைச் சாப்பாடு மட்டும் 96 ரூபாய்.

மதியம் 4 முட்டையும் காய்கறியும், இரவு எலும்பில்லாத கோழி 300 கிராமும் சாப்பிடுபவருக்குப் புரதம் 110ஐத் தாண்டும். அசைவர்களுக்குக் குறையே இல்லை. சைவர்களுக்குத்தான் இடிக்கிறது. பருப்பு, கொண்டைக்கடலை, சோயா மூன்றுக்கும் தடை. மிஞ்சுவது 200 கிராம் பனீரில் 36, பாதாமில் 25, ஒரு பெரிய கிண்ணம் தயிரில் 7 என மொத்தம் 68 கிராம். இன்னும் வேண்டுமென்று பனீரைக் கூட்டினால் கொழுப்பும் கூடவே ஏறும். முட்டையும் தொடாத வீட்டில் பேலியோவைத் தொடங்கச் சொல்ல மாட்டோம்.

முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு சேமித்து வைக்கும் வடிவம் கிளைக்கோஜன். அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். சேமிப்பு கரையும்போது அதுவும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். மூன்றாம் நாள் வரும் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்தால் கிறுகிறுப்பு எல்லாம் பெரும்பாலும் இதன் விளைவு. உப்புப் போட்ட மோர், ஆட்டுக்கால் சூப் குடித்தால் சரியாகும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் மட்டும் உப்பைத் தானாகக் கூட்டக் கூடாது.

சர்க்கரை மாத்திரைதான் பெரிய விஷயம். கிளிமிபிரைடோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர, சோறு மட்டும் நின்றால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போய் மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு இயல்பாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகலாம். மருந்தை மருத்துவர் மாற்றி எழுதிய பிறகே தொடங்க வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடியவர்கள், கர்ப்பிணிகள் இரண்டு வழியிலும் தானாக இறங்கக் கூடாது.

அரைச்சோறு

இதில் எடை மெதுவாகத்தான் குறையும். ஆனால் வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. காலையில் 3 முட்டையும் 2 இட்லியும். மதியம் வடித்த சோறு 150 கிராம், எலும்பில்லாத கோழியோ மீனோ 150 கிராம், இரண்டு பங்கு பொரியல். இரவு 100 கிராம் பனீர், கீரை, ஒரு கிண்ணம் தயிர். புரதம் 85ஐ ஒட்டி வரும். மாவுச்சத்து 100 கிராம்.

பலர் தோற்பது ஒரே இடத்தில்: சோற்றைப் பாதியாக்கிவிட்டு, அதற்கு ஈடாக எதையும் வைப்பதில்லை. பதினொரு மணிக்கே பசித்து, டீக்கடை வடையில் போய் முடிகிறது. வரிசையை மாற்றுங்கள். முதல் வாரம் சோற்றில் கை வைக்காமல் புரதத்தை மட்டும் சேர்க்க வேண்டும். இரண்டாம் வாரம் சோறு தானாகவே குறைய ஆரம்பிக்கும். அப்போது தராசில் 150 கிராம் வைத்து, அது எந்தக் கிண்ணத்தில் எவ்வளவு நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கறியைப் பச்சையாக நிறுக்க வேண்டும். வெந்தால் கால் பங்கு எடை போய்விடும். எலும்போடு வாங்கினால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல் இரண்டிலும் வரும். அவரைக்காய், கீரை, கொத்தவரங்காயைக் கூட்டித் தண்ணீரும் குடித்தால் தீரும்.

எது தாங்கும் என்பது புரட்டாசியில் தெரிந்துவிடும். பல வீடுகளில் ஒரு மாதம் கறியும் இல்லை, முட்டையும் இல்லை. கோழியை நம்பிய பேலியோ அங்கேயே அறுந்துபோகிறது. அரைச்சோற்றில் கோழி இருந்த இடத்தில் 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டை உட்கார்ந்துகொள்ளும். அதில் புரதம் 26 கிராம், மாவுச்சத்து நார்ச்சத்தையும் சேர்த்து 16. உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி இன்னொரு முறை பிழிய வேண்டும். அந்த இரண்டாவது பிழிதலை விட்டால் வாடை போகாது, மசாலாவும் உள்ளே இறங்காது.