வேலை உறுதி என்று சொல்லும் ஆட்டோமேஷன் பயிற்சி: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படித்தவன் நான். வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினொரு ஆண்டுகள் பராமரிப்பு வேலை பார்த்தேன். 140 வீடுகள், மூன்று லிஃப்ட், இரண்டு போர் மோட்டார், ஒரு ஜெனரேட்டர். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றாலும் என்னைத்தான் எழுப்புவார்கள். சம்பளம் மட்டும் 19,000 ரூபாயைத் தாண்டவில்லை. ஒரகடத்தில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் மச்சானுக்கு பி.எஃப்., மிகைநேரச் சம்பளம் எல்லாம் உண்டு. நானும் போக ஆசைப்பட்டேன். ஆசையில் தவறில்லை. போன வழிதான் தவறாகிவிட்டது.

செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயங்க வைக்கும் ஆட்டோமேஷன் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சி, நூறு சதவீதம் வேலை உறுதி. நேரில் போனேன். அங்கிருந்த ஆலோசகர் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "வீட்டு வயரிங் அனுபவத்தைக் கம்பெனியில் யாரும் மதிக்க மாட்டார்கள் அண்ணா. எங்கள் சான்றிதழ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது." இது பச்சைப் பொய். மோட்டார் ஸ்டார்ட்டரில் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்களில் எது தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிப் பழகியவனை, ஒன்றும் தெரியாதவன் என்று நம்பவைத்தார்கள். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து 45,000 ரூபாய் கட்டினேன்.

வகுப்பில் 24 பேர். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான பி.எல்.சி.யைப் பழகும் கிட் ஒன்றே ஒன்று. அதுவும் கண்ணாடி அலமாரிக்குள். லேப்டாப்பில், பி.எல்.சி.க்குக் கட்டளை எழுதும் லேடர் வரைபடம் போட்டு, திரையில் விளக்கு எரிவதைக் காட்டினார்கள். மூன்று மாதத்தில் ஒரு பேனல் கதவைக்கூட நான் திறக்கவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலைக்கு நேர்காணலுக்கு அனுப்பினார்கள். பராமரிப்புப் பொறியாளர் என்னைவிட வயதில் சிறியவர். ஒரு கன்வேயரின் பேனலைத் திறந்துவைத்து, "ஏன் ஓடவில்லை என்று பாருங்கள் அண்ணா" என்றார். பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து சென்சார் கம்பியில் வைத்தேன். எரியவில்லை. "சப்ளை இல்லை சார்" என்றேன். அவர் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினார்: 24 வோல்ட் டி.சி. இருந்தது. வீட்டு டெஸ்டரில் உள்ள நியான் விளக்கு அந்த அளவுக்கு எரியவே எரியாது. பிறகு பக்கத்திலிருந்த டிரைவின் மூடி மேல் கையை வைத்தேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அந்த டிரைவில், மெயினை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று அதன் மேலேயே ஒட்டியிருக்கிறது. "இதைக்கூடவா சொல்லித்தரவில்லை?" என்று கேட்டார். பணத்தை ஏமாற்றியதைக்கூட மன்னித்துவிடுவேன். உயிர் போகக்கூடிய இடத்துக்கு, எதுவும் சொல்லித்தராமல் அனுப்பியதை மன்னிக்க முடியாது.

அந்த வேலை கிடைக்கவில்லை. "வேறு இடம் தருகிறோம்" என்று மேலும் 10,000 ரூபாய் கேட்டார்கள். அதையும் ஒரு தனி நபரின் எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். சரிபார்ப்பதற்கு என்று ஐ.டி.ஐ. அசல் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார்கள். கொடுத்த வேலையின் பெயர் பராமரிப்பு டெக்னீஷியன். சம்பளச் சீட்டில் இருந்ததோ ஓர் ஒப்பந்தக்காரரின் பெயர். கேன்டீனில் டியூப்லைட் மாற்றுவதும் பெட்டிகளை நகர்த்துவதும்தான் வேலை. சம்பளம் 14,000 ரூபாய். ஒரு மாதத்தில் விலகிச் சான்றிதழைக் கேட்டபோது, 15,000 ரூபாய் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த பிறகு மறுநாளே கைக்கு வந்தது. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கிட், மாணவர்கள் தங்கள் கையால் வயரிங் செய்கிறார்களா, கம்பியின் காப்பைச் சோதிக்கும் மெகர் கருவியைப் பிடிக்கிறார்களா, வேலைக்கு முன் மெயினைப் பூட்டி அட்டை மாட்டும் முறையைப் பழக்குகிறார்களா என்று கண்ணால் பாருங்கள். வேலை உறுதி என்றால் எந்தக் கம்பெனி, யாருடைய பெயரில் சம்பளம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான் கேட்டிருந்தால் அங்கேயே மழுப்பியிருப்பார்கள். கிண்டியில் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது; குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

இப்போது அம்பத்தூரில் பேனல் தயாரிக்கும் ஒரு சிறிய பட்டறையில் இருக்கிறேன். சம்பளம் குறைவு. ஆனால் தினமும் கம்பி நறுக்கி, முனையில் லக் அடித்து, வரைபடத்தைப் பார்த்து இணைக்கிறேன். பட்டறை முதலாளி என்னிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. பெரிய மோட்டாரை ஓடத் தொடங்கவைக்கும் ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை இணைத்துக் காட்டச் சொன்னார், அவ்வளவுதான். குடியிருப்பில் எத்தனையோ முறை கழற்றி மாட்டியது அது.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழி தெரியாதவர்கள் 1915 என்ற எண்ணை அழைத்துக் கேட்கலாம். என்னைப் போல ஏமாந்தவர்கள் ரசீதையும், பணம் அனுப்பிய பதிவையும், அவர்கள் அனுப்பிய குரல் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். எனக்குத் தந்த ரசீதில் வேலை உறுதி என்ற சொல்லே இல்லை. அந்த ஆலோசகர் செல்போனில் அனுப்பிய ஒரு குரல் செய்தியில்தான் இருக்கிறது.