சாண்ட் பிளாஸ்டிங் மெஷின் வாங்கி ஏமாந்தேன்: வாளையாருக்கு இந்தப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

பாலக்காடு மாவட்டம் வேலந்தாவளம் அருகே கேட், கிரில், டிராக்டர் டிரெய்லர் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு இரும்புச் சட்டங்கள் செய்து தரும் ஆர்டர் கிடைத்தது. பெயின்ட் அடிக்கும் முன் இரும்பை ‘எஸ்.ஏ. 2½’ தரத்துக்கு, அதாவது துருவும் மில் ஸ்கேலும் (இரும்பைக் காய்ச்சி உருட்டும்போதே மேலே படியும் கருப்புப் படலம்) நீங்கி ஆங்காங்கே மங்கலான சாயல் மட்டும் எஞ்சும் அளவுக்கு, பிளாஸ்டிங் செய்ய வேண்டும், அதாவது காற்றழுத்தத்தால் துகள்களைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. வயர் பிரஷ் போட்டு அந்தத் தரத்தை எட்ட முடியாது என்பதால், கோவையில் பழைய இயந்திரங்கள் விற்கும் ஒருவரிடம் துகள் நிரப்பும் பிளாஸ்டிங் பாட், 10 எச்.பி. கம்ப்ரசர், 500 லிட்டர் காற்று டேங்க், ஹோஸ், நாசில் அனைத்தையும் சேர்த்து 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

வாங்கும் முன் ஓட்டிக் காட்டினார். துருப்பிடித்த பட்டையொன்று கண்ணெதிரே வெள்ளி போல் வெளுத்தது. அதோடு நிறுத்திவிட்டு டீ வரவழைத்தார். டேங்க் நிறையக் காற்று இருக்கும்போது எந்த மெஷினும் அரை நிமிடம் நன்றாகத்தான் வேலை செய்யும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து ஓட்டியபோது, முக்கால் நிமிடத்துக்குள் கேஜ் முள் 7 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கியது. அதன்பின் துகள்கள் இரும்பைத் தடவிக்கொண்டு போயினவே தவிர, துருவை எடுக்கவில்லை. ஆய்வுக்கு வந்த கஞ்சிக்கோட்டு சூப்பர்வைசர் சட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, ‘இது போரா’ (இது போதாது) என்ற ஒரே சொல்லோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

கோளாறு எங்கே என்று தேடியபோதுதான் கணக்கு புரிந்தது. பிளாஸ்டிங்கில் காற்றின் தேவையைத் தீர்மானிப்பது நாசில் துளை. 7 பார் அழுத்தத்தில் 3/16 அங்குல நாசிலுக்குச் சுமார் 45 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று), கால் அங்குலத்துக்குச் சுமார் 80, 5/16 அங்குலத்துக்கு 135-க்கு மேல் தேவை. கால் அங்குலம் என்று எனக்குக் கொடுத்த நாசிலில் 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் பின்புறத்தை விட்டுப் பார்த்தேன். தடையின்றி உள்ளே போய் ஆடியது. தேய்ந்து தேய்ந்து 5/16-ஐத் தாண்டிய நாசில் அது.

கம்ப்ரசரோ 50 சி.எஃப்.எம். தரும் என்று சொல்லப்பட்டது. அந்த எண் பிஸ்டனின் கொள்ளளவைக் கொண்டு போட்ட கணக்கு. உண்மையில் வெளியே வரும் காற்று அதைவிடக் குறைவு. இதை எவரும் தாமே சோதிக்கலாம். டேங்கை முழுவதும் காலி செய்து, வால்வை மூடி, 7 பார் வரை நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். டேங்கின் லிட்டரை 7-ஆல் பெருக்கி, நிமிடத்தால் வகுத்து, மறுபடி 28.3-ஆல் வகுத்தால் கிடைப்பதே சி.எஃப்.எம். என்னுடையது நிரம்ப 3 நிமிடம் 50 வினாடி ஆனது. கணக்குப் போட்டால் 32 சி.எஃப்.எம். புது நாசிலே போட்டாலும், மேலே சொன்னவற்றில் சிறிய 3/16-க்குக்கூட அது போதாது. இந்தச் சோதனையை விற்பவருடைய இடத்திலேயே செய்திருந்தால் டீயோடு திரும்பியிருப்பேன்.

காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் மாய்ஸ்சர் செபரேட்டர் என்று பையில் இருந்தது ஸ்ப்ரே கன்னுக்குப் போடும் சிறிய பிளாஸ்டிக் கிண்ணம். ஜூன் மழையில், பிளாஸ்டிங் துகளாக நான் போட்ட காப்பர் ஸ்லாக் கட்டிதட்டி ஹோஸை நான்கு முறை அடைத்தது. கைப்பிடியை விட்டதும் காற்றை நிறுத்தும் டெட்மேன் வால்வும் இல்லை. அதைவிட மோசம், விற்றவர் இரண்டு மூட்டை மணலைக் கொடுத்து, ‘மூஞ்சில துண்டைக் கட்டிக்கிட்டாப் போதுங்ணா’ என்றது. மணல் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிச் சிலிகோசிஸை உண்டாக்கும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றிருந்த நோய் அது. துண்டு அதைத் தடுக்காது. சுத்தமான காற்று செலுத்தும் ஹெல்மெட் வேண்டும். மூட்டைகளைப் பிரிக்காமல் சுவரோரம் போட்டுவிட்டேன்.

பிளாஸ்டிங் பாட்டின் காலருகே புது நீலப் பெயின்டைச் சுரண்டியபோது, பெயர்ப்பலகை இருந்த இடத்தில் கிரைண்டர் ஓடிய கீறல்களும் நான்கு ரிவெட் துளைகளை வெல்டால் மூடிய தடமும் தெரிந்தன. எந்த அழுத்தத்துக்குச் செய்தது, எப்போது ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) ஆனது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

பணம் கேட்கலாம் என்றால் பில்லே எனக்கு எதிராக நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் போனால், சரக்கு கொண்டுபோக இ-வே பில் வேண்டும் என்பதால், ‘மெஷின் உதிரிபாகம்’ என்று 48,500 ரூபாய்க்கு இரண்டு பில் போட்டு, மீதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டார். வாளையார் எல்லையில் வண்டி நிற்காமல் வர வேண்டுமே என்று நானும் தலையாட்டினேன், அது என் தப்பு. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கியவர், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது என்பதால், பாலக்காட்டில் மனு கொடுக்கக் காகிதங்களைச் சேர்த்து வருகிறேன்.

பிளாஸ்டிங் பாட்டை மட்டும் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக விற்றவர் இப்போது சொல்லி அனுப்பியிருக்கிறார். கொடுத்தால் இன்னொரு கை பெயின்ட் அடித்து அடுத்தவர் தலையில் கட்டுவார் என்பதால், சேஃப்டி வால்வைக் கழற்றி என்னிடமே வைத்திருக்கிறேன்.