கையடக்க இராமன் கருவி: வெள்ளவத்தைப் பொதிச் சேவையிலிருந்து ஒரு மதிப்பீடு

வெள்ளைத் தூள் என்றால் எங்கள் தொழிலில் தலைவலி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகும் பொதிகளில் ஒடியல் மா, அப்பச்சோடா, திருநீறு, கற்கண்டு எல்லாம் இருக்கும். உடைத்த கற்கண்டும் ‘ஐஸ்’ என்று சொல்லப்படும் மெத்தம்பெற்றமைனும் பொலித்தீன் பைக்குள் பார்வைக்கு ஒன்றுதான். பொதிகளைச் சோதிக்கும் பொறுப்பு என்னுடையது என்பதால், ஒரு பொருள் என்னவென்று லேசர் ஒளியால் அடையாளம் காட்டும் கையடக்க இராமன் கருவியை நிறுவனம் வாங்க, அது என் மேசைக்கு வந்தது. பல நாடுகளின் சுங்க அதிகாரிகள் எல்லைகளில் வைத்திருக்கும் அதே வகைதான்.

எடை அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. முனையைப் பையோடு ஒட்டிவைத்துப் பொத்தானை அழுத்தினால் 785 நனோமீற்றர் லேசர் பாய்கிறது. தெறித்துவரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு மட்டும் அலைநீளம் மாறித் திரும்பும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. சி. வி. இராமன் 1928இல் கண்டுபிடித்து, 1930இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த விளைவு இதுதான். திரும்பிய ஒளியைக் கருவி தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான பொருட்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெயரைத் திரையில் காட்டுகிறது. கற்கண்டை ‘சுக்குரோசு’ என்று சொல்ல ஒரு நிமிடம்கூட எடுப்பதில்லை. அப்பச்சோடா, பனடோல் தூள், கற்பூரம் எல்லாவற்றையும் தடுமாறாமல் சொல்கிறது. பையைப் பிரிக்கவே வேண்டாம்.

இந்தக் கடைசி வசதிக்குத்தான் என் முழு மதிப்பெண். முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் பொதி கட்டியவரின் முன்னிலையிலேயே பையைக் கிழிப்போம். பேரப்பிள்ளையின் காதுகுத்துக்கு அனுப்பும் பொருளை அப்படிக் குடைந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? கதிர்காமத்துத் திருநீறு கொண்டுவந்த ஒரு பெரியவர், “பிள்ளை, திருநீற்றுக்குமா லேசர்?” என்று கேட்டார். இரண்டு பைகள் வைத்திருந்தார். கடையில் வாங்கிய இரண்டாவது பையைக் கருவி ‘கல்சியம் காபனேற்று’ என்றது. சாம்பல் என்ற பெயரில் சுண்ணாம்புத் தூளை விற்றிருக்கிறார்கள். பெரியவர் சிரித்துவிட்டு அந்தப் பையை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார். ஆக, இது கள்ளனைப் பிடிப்பதைவிடக் களவில்லாதவரை விரைவாக அனுப்பிவைப்பதில் கெட்டிக்காரக் கருவி.

அசல் போதைப்பொருளை வைத்துச் சோதிக்கும் வசதி எங்களுக்கு இல்லை; இருந்தால் நான் இதை வேறு இடத்திலிருந்து எழுதவேண்டி வரும். ஆனால் அதன் பலவீனத்தைக் காட்ட யாழ்ப்பாணத்துக் கறித்தூளே போதும். மஞ்சள் கலந்த தூள் லேசர் பட்டதும் தானே ஒளிரத் தொடங்குகிறது. அந்த வெளிச்சத்தில் நுண்ணிய இராமன் ஒளி மூழ்கிவிட, திரையில் ‘முடிவில்லை’ என்று வருகிறது. மண்ணிற ஹெரோயினிலும் இதே சிக்கல் உண்டு என்பதால், அதற்கென்று தனிச் சோதனைக் குச்சிகளை வாங்கவேண்டும். கலவையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள பொருளைத் தவறவிடவும் வாய்ப்பு அதிகம். அலுமினியத் தாளுக்கும் தகரத்துக்கும் அப்பால் எதுவும் தெரியாது. கறுப்புத் தூளில் லேசரைப் பிடிக்காதீர்கள், சூடேறித் தீப்பற்றலாம்.

இன்னொன்று, இது தேடாது. எந்தப் பையைக் காட்டுகிறோமோ அதை மட்டும் படிக்கும். தேடுவதற்கென்று இருக்கும் எக்ஸ்-ரே திரையில் சேதன (காபன் சேர்ந்த) பொருட்கள் செம்மஞ்சள் நிறத்தில் தெரியும். ஆனால் சீனியும் கொக்கெயினும் அங்கே ஒரே நிறம். 2017 ஜூலையில் இரத்மலானையில் சீனிக் கொள்கலனுக்குள் 218 கிலோ கொக்கெயினைக் கண்டவர்கள் மூட்டை இறக்கிய தொழிலாளர்கள். பல நாள் மீன்பிடிப் படகுகளில் வந்து சேரும் போதைச் சரக்குக்கு முன்னால் என் மேசைக் கருவிக்கு என்ன வேலை?

போதைப்பொருள் என்று கருவியில் சிவப்பு எச்சரிக்கை வந்தாலும் அது முதற்கட்டச் சந்தேகம்தான். நீதிமன்றத்துக்கு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வேண்டும். விற்பனை முகவர் இதைச் சொல்லவேயில்லை; “இது போதும், மேடம்” என்றார். பொருட்பதிவுகளைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் தனிக் கட்டணம் என்பதும் பணம் கட்டிய பிறகே வெளிவந்தது. புதிய செயற்கைப் போதைப்பொருட்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்போது புதுப்பிக்காத கருவியால் பயனில்லை.

நாளாந்தம் நிறையப் பொதிகள் வரும் இடமென்றால் தாராளமாக வாங்கலாம். சிறிய கடைக்குக் கட்டுப்படியாகாது. வாங்குவதென்றால் உங்கள் கறித்தூளையும் ஒடியல் மாவையும் கொண்டுபோய் முகவரின் முன்னாலேயே சோதியுங்கள். ஹெரோயின் குச்சிகளின் விலை, காலாவதித் திகதி, புதுப்பித்தல் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு காசோலையில் கையெழுத்திடுங்கள்.